தோற்றவர்களுக்குப் பாயசம்

“அது கோல் இல்ல மாமா! இப்பவும் சொல்றேன், எப்பவும் சொல்வேன். அது கோலே இல்ல!”

கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான் என் தம்பி சேவியர். பேரன் எடுத்த ஆள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து, மேஜையில் இருந்த மாத்திரை டப்பா, பவுடர், டெட்டால் எல்லாவற்றின் மேலும் விழுந்திருந்தது.

மாடியில் குடியிருக்கும் கன்னடத்துப் பெண் பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். “ஏனாயித்து டீச்சர்? ஜகளானா?” என்றாள். சண்டையா என்று கேட்கிறாள். நோயாளி படுத்திருக்கிற வீட்டில் இப்படி ஒரு சத்தம் வந்தால் யாருக்குத்தான் பதறாது? “ஜகளா அல்லம்மா, டிரீட்மெண்ட்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டிலில் என் வீட்டுக்காரர். வலது கையும் காலும் போய், வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சு நின்றுபோய்க் கிடந்தார். சேவியர் கத்தி முடித்ததும், போர்வைக்குள்ளிருந்து அவருடைய இடது கை மெதுவாக வெளியே வந்தது. நடுங்கி நடுங்கி மேலே எழுந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

ஒரு கோல். எங்கள் மைதானத்தில் அந்த விரலுக்கு அதுதான் அர்த்தம்.

கூடவே தொண்டையிலிருந்து “ஓ” என்று ஒரு சத்தம். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. சேவியர் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இந்தத் தொடரைத் தொடங்கும்போதே, இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லியே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். போன வாரம் ஒரு வாசகி போனில், “உங்க வீட்டுக்காரர் பத்தி ஒரு வரி கூட வரலையே டீச்சர்?” என்று கேட்டுவிட்டார். எழுதினால் அவர் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டுமே என்றுதான் தள்ளிப்போட்டேன். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பிறந்த லேனும் புகுந்த லேனும்

நான் பிறந்தது பேக்கரி லேன். வாழ்க்கைப்பட்டது டிப்போ லேன். பேக்கரி எப்போதோ மூடியாயிற்று, பஸ் டிப்போவும் ஊருக்கு வெளியே போயாயிற்று. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. இரண்டு லேனிலும் முக்கால்வாசி எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். நர்ஸ், டீச்சர், ரயில்வே, ஆபீஸ் பியூன், இப்படி. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே கல்லறைத் தோட்டம். ஆனால் கால்பந்து கிளப் மட்டும் இரண்டு.

பேக்கரி லேன் கிளப்புக்கு நீலச் சட்டை. டிப்போ லேனுக்கு மஞ்சள். இரண்டு லேனுக்கும் நடுவில் குழி கிரவுண்டு. ஒருகாலத்தில் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் என்பார்கள். நாலு பக்கமும் சரிவு என்பதால் கேலரி கட்டாமலேயே கேலரி.

மைசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அரண்மனை, தசரா, மைசூர்பாகு. எங்களுக்குத் தசரா என்பதே தேதிக்கு ஒரு அடையாளம்தான். தசரா முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பந்தயம். யானைகளெல்லாம் காட்டுக்குத் திரும்பும் நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு மதம் பிடிக்கும்.

சேவியர் பேக்கரி லேனுக்குக் கோல்கீப்பர். என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் டிப்போ லேனுக்கு சென்டர் ஃபார்வர்ட். பெண் கேட்டு வந்தபோது என் அப்பா வேலையைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. “பந்தயத்தன்னிக்கு எம்பொண்ணு எந்தப் பக்கம் உக்காரும்?” என்றுதான் கேட்டார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முதல் பாதி பிறந்த வீட்டுப் பக்கம், இரண்டாம் பாதி புகுந்த வீட்டுப் பக்கம் என்று முடிவாயிற்று. இடைவேளையில் நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து இடம் மாறுவேன். இரண்டு பக்கமும் விசிலடிப்பார்கள். வகுப்பில் என்னிடம் அடி வாங்கிய பையன்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் வஞ்சம் தீர்த்துக்கொள்வார்கள்.

இனிப்பா இருக்கு

கெலித்தவர்களுக்குக் கோப்பை கிடையாது, மெடல் கிடையாது. பாயசம்தான்.

பந்தயத்துக்கு மறுநாள் காலையில், கெலித்த லேன் பெண்கள் சேர்ந்து அண்டாவில் சேமியாப் பாயசம் காய்ச்சுவோம். அதைத் தூக்குவாளிகளில் ஊற்றிக்கொண்டு ஆட்டக்காரர்கள் தோற்ற லேனுக்குப் போவார்கள். வீடு வீடாக. தோற்றவன் வாசலுக்கு வந்து, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கெலித்தவன் முகத்தைப் பார்த்து, “இனிப்பா இருக்கு” என்று சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் வருடம் முழுக்க முட்டியை உடைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லிவிட்டால் பந்தயம் முடிந்தது. சொல்லாதவரை முடியவில்லை. ஆட்டம் டிராவில் முடிந்தால், போன வருடம் கெலித்தவர்களே இந்த வருடமும் கெலித்ததாகக் கணக்கு. பாயசம் அவர்களுடையது.

நான் இரண்டு லேன் பாயசத்தையும் காய்ச்சியிருக்கிறேன், இரண்டையும் குடித்தும் இருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், பேக்கரி லேன் பாயசத்தில் ஏலக்காய் அதிகம், டிப்போ லேன் பாயசத்தில் பால் குறைவு. ஆனால் தோற்ற அன்று எந்தப் பாயசமும் தொண்டையில் இறங்காது.

சுண்ணாம்புச் சண்டை

அந்தக் கோல் கதைக்கு வருகிறேன்.

மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதில் ஒரு வழக்கம் உண்டு. வடக்குக் கோல் பக்கம் பேக்கரி லேன் ஆட்கள் போடுவார்கள், தெற்கு டிப்போ லேன். முதல் பாதியில் அவரவர் போட்ட கோட்டை அவரவர் காப்பார்கள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்.

அன்றைக்கு இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சும்மா விடுமா? மழை விட்டபோது தெற்குக் கோலின் கோடு முழுக்கக் கரைந்து, சேற்றில் வெள்ளையாக ஒரு கலங்கல் மட்டும் மிச்சம். ரெஃப்ரி வெளி ஆள். “யாராவது கோடு போடுங்கப்பா” என்றார்.

“இப்ப அங்க நிக்கப்போறது உங்க கோல்கீப்பர். நீங்க போடுங்க” என்றது டிப்போ லேன்.

“காலையில போட்டது நீங்கதானே? உங்க சுண்ணாம்பு நல்லா இருந்தா ஏன் கரையுது? நீங்களே போடுங்க” என்றது பேக்கரி லேன்.

யாரும் போடவில்லை. சுண்ணாம்புச் சட்டி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கை அதைத் தொட்டாலும் அந்தக் கை தோற்ற மாதிரி ஆகிவிடுமாம். நானும் சரிவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வளர்ந்த ஆண்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். இவர்கள் பிள்ளைகளுக்கா நான் ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் ரெஃப்ரி வெறுத்துப்போய் விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

ஆட்டம் முடியப்போகிற சமயம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிராவானால் பாயசம் பேக்கரி லேனுக்கு, முந்தின வருடம் அவர்கள்தான் கெலித்திருந்தார்கள். டிப்போ லேனுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டினார். பந்து மேல் கம்பியில் அடித்து, நேராகக் கீழே சேற்றில் சொத்தென்று விழுந்தது. சேவியர் அதன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டான்.

கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? கோடு எங்கே இருக்கிறது, சொல்வதற்கு?

லைன்ஸ்மேன் லேனுக்கு ஒருவர். பேக்கரி லேன் ஆள் கோல் இல்லை என்றார். டிப்போ லேன் ஆள் கோல் என்றார். ரெஃப்ரியின் மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. கழற்றித் துடைத்தார், சேற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விசிலை ஊதிக் கையை நடு வட்டத்தின் பக்கம் காட்டினார். கோல்.

எனக்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டதால் நான் எதையும் பார்க்கவில்லை. இதை நான் இரண்டு பக்கத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்பியதில்லை.

மூடிய கதவு

மறுநாள் காலை டிப்போ லேன் பாயசம் பேக்கரி லேனுக்குப் போனது. என் வீட்டுக்காரர் முன்னால், தூக்குவாளியோடு நான் பின்னால். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்கள். என் பிறந்த வீட்டு வாசலில் சேவியர் நின்றுகொண்டிருந்தான். முகம் வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போல.

“மச்சான், பாயசம்” என்றார் இவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சேவியர் இவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தான். “அக்கா, நீ உள்ள வா. அது வெளியே இருக்கட்டும்” என்றான்.

“டேய், வழக்கம்டா” என்றேன்.

“கோல் போட்டா வழக்கம். இது கோல் இல்ல.”

கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு லேனும் தலைமுறையாகக் காத்த வழக்கத்தில் அப்படி யாரும் கதவைச் சாத்தியதே இல்லை. தூக்குவாளி கையில் கனத்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில், என் தம்பி சாத்திய கதவுக்கு முன்னால் நிற்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. இவர் என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். “வா ஜெசி, ஆறினா சூடுபண்ணிக்கலாம்” என்றார்.

அதோடு உறவு முறிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் காம்பவுண்டில் நின்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

“சேமியா ஊசிப்போச்சு மச்சான், எப்ப வந்து குடிக்கப்போற?”

“நீங்களே குடிங்க மாமா. பொய்க் கோல் போட்டவங்களுக்குத்தான் அது செரிக்கும்.”

அன்று தொடங்கியது, நிற்கவே இல்லை. கல்யாண வீட்டில், ஞானஸ்நான விருந்தில், கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு. உப்பு டப்பாவைக் கோல்போஸ்டாக வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பந்தாக வைத்து விளக்குவார்கள். சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். என் மகள் ரீனா சின்ன வயதில், “அப்பாவும் மாமாவும் ஏன் வேற எதுவும் பேசறதே இல்ல?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். வேறு எதுவும் பேசினதில்லை. என் அப்பா இறந்தபோது கூட, அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், இவர் சேவியரின் தோளில் கை போட்டு, “பெரியவரு மேல சத்தியமா சொல்லு, உள்ள போச்சா இல்லையா?” என்றார். சேவியர் அழுதுகொண்டே, “போகல மாமா” என்றான். ஆறுதல் சொல்லவும் அவர்களுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது.

பச்சைச் சட்டை யார் போடுவது

கிளப்புகள் செத்த கதை பெரிய கதை இல்லை. பையன்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் வலை கட்டிய செயற்கைப் புல் மைதானத்தில் மணிக்கணக்குக்கு ஆடப் போனார்கள். பந்தயத்துக்குப் பதினோரு பேர் தேறவில்லை. ஒரு வருடம் மாமனார் வயதுக்காரர்களை இறக்கினார்கள். அடுத்த வருடம் வெளியூர்க் கல்லூரிப் பையன்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் பெயர் தெரியாமல் சரிவில் உட்கார்ந்திருந்த நாங்கள் யாரைக் கூப்பிட்டுக் கத்துவது என்று முழித்தோம்.

அப்புறம் கோயில் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். இரண்டு கிளப்பையும் ஒன்றாக்கி ஒரே டீமாக லீகில் சேர்த்தால், மைதானத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஃபாதர் சொன்னார். நல்ல யோசனை. முதலில் பெயர். பேக்கரி டிப்போவா, டிப்போ பேக்கரியா? டீ ஆறிப்போகும்வரை அதிலேயே நின்றார்கள். அடுத்து சட்டை. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள்.

“பச்சை போட்டுனு எவன் ஆடுவான்?” என்று எழுந்தான் சேவியர்.

“கரெக்டா சொன்னான்” என்று இந்தப் பக்கத்திலிருந்து எழுந்தார் என் வீட்டுக்காரர்.

வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் இருவரும் ஒரே கட்சி. கூட்டம் கலைந்தது. மைதானத்தில் இப்போது யாரும் ஆடுவதில்லை என்று சொல்லிக் கொஞ்ச நாளில் மாநகராட்சி ஆட்கள் வேலி போட்டார்கள். பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, நடைபாதையும் உடற்பயிற்சிக் கம்பிகளும் வைத்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். கோல்போஸ்ட் இருந்த இடத்தில் நாய்கள் உள்ளே வரக் கூடாது என்று கன்னடத்தில் ஒரு பலகை. எங்கள் ஆட்கள் அங்கே டாக்டர் சொன்னதற்காக நடந்தார்கள். அப்போதும் இவர் இடமிருந்து வலமாகவும் சேவியர் வலமிருந்து இடமாகவும்தான் நடந்தார்கள். எதிரே சந்திக்கும் இடத்தில் நின்று, கோலா இல்லையா என்று ஒரு மூச்சு கத்திவிட்டு நடப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு உலகக் கோப்பை சமயம். டிவியில் பந்து கோட்டைத் தாண்டியதா என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு மயிரிழை தாண்டவில்லை. இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

“நம்மளுது போகல ஜெசி” என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

“எனக்குத் தெரியும். நான்தானே பக்கத்துல இருந்தேன். பந்து இந்தப் பக்கம்தான் விழுந்துச்சு.”

“அடப்பாவி மனுஷா. அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொல்லிட்டா அவன் அப்புறம் எங்கூட என்னாத்த பேசுவான்?” என்றார். திரும்பச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

வைத்தியம்

மழைக்காலத்தில் ஒரு காலையில் வாஷ்பேசின் முன்னால், பிரஷ் கையில் இருக்கும்போதே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது பக்கமும் பேச்சும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சின்னப் பெண், சும்மா பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, எதைச் சொன்னால் உணர்ச்சி வருமோ அதைப் பேசுங்கள் என்றாள். ரீனா பெங்களூரிலிருந்து வீடியோவில் பாட்டுப் பாடிக் காட்டினாள். ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார். நான் எல்லாம் பேசிப் பார்த்தேன். கண் மட்டும் அசையும்.

சேவியர் வந்து, “அது கோல் இல்ல மாமா” என்று கத்திய அன்றுதான் விரல் எழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதுதான் வைத்தியம். சேவியர் பூங்காவில் நடப்பதை நிறுத்திவிட்டு நேராக இங்கே வருவான். எலுமிச்சம்பழம், உப்பு டப்பா எல்லாம் கட்டிலுக்கு வந்தன. ‘ஓ’ என்றது ‘கோ’ ஆனது. ‘கோ’ என்பது ஒருநாள் ‘கோல்’ என்றே வந்தது, எச்சில் வழிய, முகமெல்லாம் சிவக்க. பேச்சுப் பயிற்சிப் பெண் கை தட்டினாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. தசராவுக்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்றெல்லாம் நினைத்தேன். ஆசைப்பட்டது என் தப்பா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

தசரா நடந்துகொண்டிருந்தபோது இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை டாக்டர் அதிகம் பேசவில்லை. மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார். சேவியர் கத்தினான். விரல் எழவில்லை. பக்கத்தில் போய்க் காதில் கத்தினான். கையைப் பிடித்து உலுக்கினான். “போதும்டா” என்று நான்தான் இழுத்துவிட வேண்டியிருந்தது. கண் திறந்திருந்தது. எல்லாம் கேட்கிறது, புரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த மனுஷனுக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தசராவுக்கு அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான் சேவியர்.

“அக்கா, கொஞ்சம் பாயசம் காய்ச்சு.”

“யாருக்குடா? அவருக்கு மூக்குல குழா போட்டிருக்கு.”

“எனக்கு.”

புரிந்துவிட்டது. “வேணாம் சேவியரு” என்றேன்.

“அவர் மனசு குளிரட்டும்க்கா. நான் கத்தி என்ன ஆச்சு? காய்ச்சு.”

நெய்யில் சேமியா வறுபடும் வாசனை டெட்டால் வாசனையை மீறிக்கொண்டு அறைக்குள் போனது. நான் டம்ளரைக் கொண்டுவந்து, என் வீட்டுக்காரரின் இடது கையில் தொட்டுக் காட்டிவிட்டு நீட்டினேன். டிப்போ லேன் மருமகளாகக் கொடுக்க வேண்டியவள் நான்தானே. சேவியர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றான். இரண்டு கையாலும் வாங்கினான். ஆறக்கூட விடாமல் குடித்தான். நாக்கு வெந்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் கோத்தது.

“இனிப்பா இருக்கு மாமா” என்றான்.

இவர் அவனையே பார்த்தார்.

“அது கோல்தான். உள்ளதான் போச்சு. நான் பந்தை இழுத்து வெச்சுகினேன். நீங்கதான் கெலிச்சீங்க.”

தலையணையில் இவர் தலை அசைந்தது. இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். இல்லை என்று. இரண்டாவது அட்டாக்குக்குப் பிறகு அவர் சொன்ன ஒரே பதில். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று. நான் முந்தானையால் துடைத்தேன். திரும்பவும் வழிந்தது.

இத்தனை வருடம் விட்டுக்கொடுக்காத சேவியர் விட்டுக்கொடுத்துவிட்டான் என்றால், இனி தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது என்றுதானே அர்த்தம்? அது அவருக்குப் புரிந்துவிட்டது. எந்த டாக்டரும் அவரிடம் சொல்லத் துணியாததை என் தம்பி ஒரு டம்ளர் பாயசத்தில் சொல்லிவிட்டான். அன்புதான். அன்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால்தான் என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் யார் பக்கமும் திரும்பவில்லை. அந்த வாரமே ஒரு காலையில் போய்விட்டார்.

யாரிடம்

அடக்கத்துக்கு இரண்டு லேனிலிருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நாற்காலி போட்ட அளவுக்கு ஆள் இல்லை. டிப்போ லேனில் எங்கள் வீட்டையும் இன்னும் ஓரிரண்டு வீட்டையும் தவிர மற்றதெல்லாம் இப்போது ஹாஸ்டல்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, காலிக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான் சேவியர். காபியைத் தொடவில்லை.

“கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கலக்கா. நான் குடிச்சேன், சொன்னேன். இல்லைன்னு தலையாட்டிட்டாரு. கதவைச் சாத்தினேனே, அத மறக்கல அவரு.”

இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்? சொல்லிவிட்டேன்.

“அவர் தலையாட்டினது அதுக்கில்லடா. கோல் போகல. அவரே சொன்னாரு.”

“மாமாவா?”

“டிவி பாத்துனு இருக்கப்ப சொன்னாரு. பந்து இந்தப் பக்கம்தான் விழுந்துச்சுன்னு. உன்கிட்ட சொன்னா நீ பேசறத நிறுத்திடுவேன்னு சொல்லாம வெச்சிருந்தாரு.”

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் அவனைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறேனோ என்று தேடினான். இல்லை என்று தெரிந்ததும் மெல்ல நிமிர்ந்தான்.

“அப்போ டிரா” என்றான். “டிரான்னா எங்களுது. நாங்கதான் கெலிச்சோம்.”

“ஆமாடா. நீங்கதான்.”

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கேட்டைத் திறந்தான். லேனில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எதிர் ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி அவனை விட்டு ஒதுங்கிக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு கேட்டைச் சாத்திவிட்டு வந்து, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

“யார்கிட்டக்கா போய்ச் சொல்றது?” என்றான்.